அவசர சிகிச்சைப் பிரிவுக்கு எந்த மென்பொருள்: தனி மென்பொருளா, பெரிய மென்பொருளின் மாட்யூலா?

அவசர சிகிச்சைப் பிரிவின் கேஸ் ஷீட்டைக் கணினிக்கு மாற்ற முடிவெடுத்த மருத்துவமனைக்கு முன்னால் இரண்டு பாதைகள் இருக்கின்றன. மருத்துவமனை முழுவதற்கும் ஓடும் பெரிய மென்பொருளின் அவசரப் பிரிவு மாட்யூலை, அதாவது அந்தப் பிரிவுக்கான பகுதியை, எடுத்துக்கொள்வது ஒன்று. எபிக்கின் ஏசாப், செர்னராக இருந்து இப்போது ஆரக்கிள் ஹெல்த் ஆகிவிட்ட நிறுவனத்தின் ஃபர்ஸ்ட்நெட், மெடிடெக்கின் மாட்யூல் எல்லாம் இந்த வகை. அவசரப் பிரிவுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை வாங்கி மற்றவற்றோடு இணைப்பது இன்னொன்று. டி-சிஸ்டம், மெட்ஹோஸ்ட் ஆகியவை இதில் பேர் எடுத்தவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்டிலும் லேபிலும் ஏற்கெனவே ஒரு பெரிய மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால், அதன் மாட்யூலையே எடுங்கள். டாக்டர்களில் பாதிப் பேருக்கு இது பிடிக்காது. அவர்கள் சொல்லும் காரணத்திலும் நியாயம் இருக்கிறது.

தனி மென்பொருள் எழுத வேகமானது. டி-சிஸ்டத்தின் வேர் 1990களில் அவசர மருத்துவர்கள் இருவர் உருவாக்கிய காகிதத் தாள்கள். நெஞ்சுவலிக்கு ஒரு தாள், வயிற்றுவலிக்கு ஒரு தாள். அறிகுறி இருந்தால் வட்டம், இல்லையென்றால் சாய்கோடு. பேனா ஓடும் வேகத்திலேயே கேஸ் ஷீட் முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தை அப்படியே திரைக்குக் கொண்டுவந்தார்கள். நோயாளியைப் பார்க்கும் டாக்டரின் கை எங்கே போகும், கண் எங்கே போகும் என்று தெரிந்தவர்கள் செய்தது. பெரிய மென்பொருள்களோ வார்டையும் பில்லிங்கையும் மனதில் வைத்து வளர்ந்தவை. அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், அவசர மருத்துவர்களின் நேரத்தில் 44 சதவீதம் தகவல் பதிவதற்கும் 28 சதவீதம் மட்டுமே நோயாளியோடும் போனது தெரிந்தது. பரபரப்பான 10 மணி நேர ஷிஃப்டில் கிட்டத்தட்ட 4000 கிளிக்குகள். இதைப் படித்துவிட்டு யாரும் பெரிய மென்பொருளை ஆசையாக வாங்க மாட்டார்கள்.

ஆனால் எழுதும் வேகத்துக்கு இருந்த மதிப்பு இப்போது குறைந்து வருகிறது. அமெரிக்காவில் எத்தனை அறிகுறி கேட்டோம், எத்தனை உறுப்பைப் பார்த்தோம் என்ற கணக்கும் பில்லைத் தீர்மானித்த காலத்தில் அந்த வட்டமும் சாய்கோடும் பெரிய பலம். 2023 முதல் அங்கே அவசரப் பிரிவு பில்லிங் மருத்துவ முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதை வைத்துத்தான். நீளமான கேஸ் ஷீட்டால் லாபமில்லை. அப்புறம், டாக்டரும் நோயாளியும் பேசுவதைக் கேட்டுக் குறிப்பை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. பெரிய மென்பொருள்களோடும் அவை சேர்ந்துகொள்கின்றன. டாக்டர் ஒருமுறை முழுக்கப் படித்துத் திருத்தாமல் கையெழுத்திடக் கூடாது என்பது வேறு விஷயம்.

முன்கூட்டியே வாசகங்கள் நிரப்பி வைத்த படிவமான டெம்ப்ளேட்டின் ஆபத்து இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஒரே கிளிக்கில் ‘எல்லாம் நார்மல்’ என்று நிரம்பும் வசதி இருந்தால், ஒரு கால் எடுக்கப்பட்டவருக்கும் ‘இரு பாதங்களிலும் நாடித்துடிப்பு நன்றாக உள்ளது’ என்று பதிவாகிவிடும். எதை வாங்கினாலும் அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

சரி, எது முடிவைத் தீர்மானிக்கிறது? நோயாளி அவசரப் பிரிவை விட்டு வார்டுக்குப் போகும் நேரம்தான். தனி மென்பொருளுக்கும் மருத்துவமனை மென்பொருளுக்கும் நடுவே ஹெச்எல்7 செய்திகள் ஓடும். மருத்துவ மென்பொருள்கள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொதுவான முறை அது. பெயர், வயது, அட்மிஷன், லேப் ரிசல்ட் எல்லாம் ஒழுங்காகவே போய்ச் சேரும். இடிப்பது மருந்தில். அவசரப் பிரிவில் கொடுத்த மருந்துகள் பல இடங்களில் ஸ்கேன் செய்த காகிதம் மாதிரி, ஒரே கோப்பாகத்தான் வார்டுக்குப் போகின்றன. இரவு 2 மணிக்கு ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் முதல் டோஸ் போட்டு அனுப்புகிறோம். வார்டு நர்ஸ் தன் மருந்து சார்ட்டைத் திறக்கிறார், அது காலியாக இருக்கிறது. மூன்று திரை தாண்டி அந்தக் கோப்பைத் திறந்து, இரண்டாம் பக்கத்தில் தேடினால்தான் 2 மணி டோஸ் தெரியும். தேட நேரமில்லாத இரவில் இன்னொரு டோஸ் ஏறிவிடும். இரண்டாவது டோஸைத் தடுக்க வேண்டிய எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் வார்டு மென்பொருளுக்கு முதல் டோஸ் நடந்ததே தெரியாது. ஒரே மென்பொருளில் 2 மணி டோஸும் அதே சார்ட்டில், அதே வரிசையில் நிற்கும்.

பெயர் தெரியாமல் வருபவரின் நிலை இன்னும் கடினம். விபத்தில் நினைவிழந்தவரைத் தற்காலிக எண்ணில் பதிகிறோம். அந்த எண்ணிலேயே ரத்த மாதிரி ரத்த வங்கிக்குப் போகிறது. அரை மணி நேரத்தில் உறவினர் வந்து பெயர் சொல்கிறார். பழைய பதிவும் கிடைக்கிறது, அதில் பென்சிலின் ஒவ்வாமை இருக்கிறது. இரண்டு பதிவையும் உடனே இணைத்தால் ரத்தப் பையின் லேபிளும் கைப்பட்டையும் பொருந்தாமல் போகும். இணைக்காமல் விட்டால் ஒவ்வாமை டாக்டர் கண்ணில் படாது. ரத்தம் ஏறி முடியும்வரை தற்காலிக எண்ணையே வைத்துக்கொண்டு, ஒவ்வாமையை மட்டும் கையால் பதிவதுதான் பாதுகாப்பு. பதிவுகளைப் பிறகு இணைக்கலாம். ஒரே மென்பொருளில் அதை ஒரு முறை செய்தால் போதும். இரண்டு மென்பொருள் என்றால் இரண்டிலும் செய்ய வேண்டும், ஒன்றில் மறந்தால் யாருக்கும் தெரியாது.

பிரிவின் நிலவரத்தைக் காட்டும் திரையான டிராக்கிங் போர்டைப் பொறுத்தவரை தனி மென்பொருளுக்கு இன்னமும் ஒரு படி மேலே இடம் தரலாம். எந்தப் படுக்கையில் யார், டிரையாஜ் நிலை (யாரை முதலில் பார்க்க வேண்டும் என்ற அவசர வரிசை) என்ன, எந்த ரிசல்ட் வந்துவிட்டது, யார் வார்டு படுக்கைக்காகக் காத்திருக்கிறார் என்று ஒரே பார்வையில் தெரியும்படி பிறந்தவை அவை. பெரிய மென்பொருள்களிலும் இது முடியும், ஆனால் நீங்கள் கேட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பெரிய மென்பொருளை வாங்கியவர்கள் கோட்டை விடுகிறார்கள். திரைகளை வடிவமைக்கும் குழுவில் வார்டு ஆட்களும் கணக்குப் பிரிவும் மட்டும் உட்கார்ந்தால், டிரையாஜ் நர்ஸ் முன்னால் கேள்விகள் குவிந்துவிடும். மூச்சு வாங்கி நிற்பவரிடம் தடுப்பூசி வரலாறு கேட்க வேண்டியதில்லை. அவசரப் பிரிவு நர்ஸ் ஒருவரும் டாக்டர் ஒருவரும் அந்தக் குழுவில் சம்பளத்தோடு, ஷிஃப்டிலிருந்து விடுவிக்கப்பட்டு உட்கார வேண்டும். இதை நிர்வாகம் எழுத்தில் தராவிட்டால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தனி மென்பொருள் சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. வார்டே இல்லாத, வருபவர்களை வீட்டுக்கோ வேறு மருத்துவமனைக்கோ அனுப்பிவிடும் அவசர மையத்துக்கு மேலே சொன்ன பிரச்சினைகளில் பாதி கிடையாது. பணம் குறைவென்றால் ஓபன்எம்ஆர்எஸ், அதன் மேல் கட்டப்பட்ட பாம்னி போன்ற திறந்த மூல மென்பொருள்கள் உண்டு. உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் பராமரிக்கச் சொந்தத் தொழில்நுட்ப ஆள் கட்டாயம் வேண்டும்.

மென்பொருள் நின்றுபோகும் நாளுக்கு இரண்டிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். 2024 மே மாதம் அமெரிக்காவின் அசென்ஷன் மருத்துவமனைகள் சைபர் தாக்குதலால் வாரக்கணக்கில் காகிதத்துக்குத் திரும்பின. நெட்வொர்க் இல்லாமலும் கடைசி நிலவரத்தைக் காட்டும் கணினி ஒன்று அவசரப் பிரிவிலேயே இருக்குமா? போர்டை அதிலிருந்து அச்செடுக்க முடியுமா? ‘முடியும்’ என்ற பதிலை நம்பாமல் கேபிளைப் பிடுங்கிக் காட்டச் சொல்லுங்கள்.

டெமோ நாளில் மவுஸ் விற்பனைப் பிரதிநிதியின் கையில் இருக்கக் கூடாது. உங்கள் இரவு ஷிஃப்ட் நர்ஸிடம் கொடுங்கள். மாரடைப்பு, பெயர் தெரியாத விபத்து, காய்ச்சலோடு வந்த குழந்தை ஆகிய மூன்று கேஸ்களையும் ஒரே நேரத்தில் பதியச் சொல்லுங்கள். நடுவில் வேண்டுமென்றே கூப்பிட்டுத் தொந்தரவு செய்யுங்கள். குழந்தையின் பாராசிட்டமால் ஆர்டர் மாரடைப்பு நோயாளியின் பெயரில் போய் விழ எந்தத் திரையில் வாய்ப்பிருக்கிறது என்று பக்கத்திலிருந்து குறித்துக்கொண்டே வாருங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்தத் திரைகள் திருத்தப்பட வேண்டும்.