மூன்று வருடமாகக் கையில் இருக்கும் ஃபிட்னஸ் பேண்ட்: என் அனுபவம்

மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் நடக்கும் அடிகளை எண்ணிக் காட்டும் பட்டை இது. 2022 ஜனவரியில் வாங்கியது. ஸ்ட்ராப் இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. பத்து நாள் நின்ற சார்ஜ் இப்போது ஆறு நாள்தான். பொருளைப் பற்றி இவ்வளவு போதும். அது என் மனதை என்ன செய்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆரம்பத்தில் என்னை நடக்க வைத்தது அதுதான். இரவு 9 மணிக்கு 8,700 அடி என்று காட்டினால் மொட்டை மாடிக்குப் போய் மீதியை நடந்து முடிப்பேன். 10,000 தொட்டதும் மணிக்கட்டில் ஒரு அதிர்வு வரும், அதற்காகவே நடந்தேன். 141 நாள் விடவில்லை. மறுநாள் வைரல் காய்ச்சல். ஸ்ட்ரீக், அதாவது விடாமல் இலக்கைத் தொட்ட நாள்களின் எண்ணிக்கை, பூஜ்ஜியத்துக்குப் போனது. காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது, ஆனால் நான் திரும்ப நடக்க ஏழு வாரம் ஆனது. உடம்பில் தெம்பு இருந்தது. ‘அத்தனையும் போச்சு, இனி எதுக்கு’ என்ற நினைப்புதான் விடவில்லை.

அப்புறம்தான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 10,000 என்பது மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்ன அளவே இல்லை. 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்ற ‘மான்போ-கெய்’ என்ற கருவியின் பெயருக்கே ‘பத்தாயிரம் அடி மானி’ என்றுதான் பொருள். 2019இல் ஐ-மின் லீ குழுவினர் வயதான பெண்களிடம் நடத்திய ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு அபாயம் குறைவாக இருந்தது. சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை.

எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது லண்டனில் பிலிப்பா லாலி செய்த ஆய்வு. ஒரு செயல் பழக்கமாக ஊற, ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாமாம். நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாதாம். இதை அந்தக் காய்ச்சல் நாளில் யாராவது சொல்லியிருக்கலாம்.

இலக்கு அதிர்வை அணைத்துவிட்டேன். எண்ணுக்குப் பதில் நேரமும் இடமும் குறித்துக்கொண்டேன்: காலையில் பால் பாக்கெட்டை வீட்டில் வைத்த கையோடு ஷூவைப் போட்டுக்கொண்டு ஏரிக்கரை. 2002இல் பிரிட்டனில் மாணவர்களிடம் நடந்த ஒரு ஆய்வில், எங்கே, எப்போது என்று எழுதி வைத்தவர்களில் 91% பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். அப்படி எழுதாதவர்களில் 38% பேர்தான். என் விஷயத்திலும் இதுதான் நின்றது. இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ஊருக்குப் போனால் தடைபடும், திரும்பி வந்த மறுநாள் பால் வாங்கப் போகும்போதே கால் ஏரிப் பக்கம் திரும்பிவிடுகிறது.

புதிதாக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், தொடங்கி வைக்க நல்ல கருவி. ஸ்ட்ரீக் எண்ணை மட்டும் முதல் நாளே மறைத்துவிடுங்கள்.