குளக்கட்டு வேலை: கொந்தராத்துக்காரருக்கா, கமக்காரர் அமைப்புக்கா?

திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கத்தில் எங்கள் சின்னக் குளத்தின் கட்டைத் திருத்தக் காசு வந்தபோது இரண்டு வழி இருந்தது. கேள்விப்பத்திரம் போட்டுக் கொந்தராத்துக்காரரிடம் கொடுக்கலாம், அல்லது ஊர் விவசாயிகளின் சங்கமான கமக்காரர் அமைப்பே ஒப்பந்தம் எழுதி எடுக்கலாம். அமைப்புக்கே எடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வேகத்தில் கொந்தராத்துக்காரரை மிஞ்ச முடியாது. பெக்கோவும் டிப்பரும் அவர் கையில் இருக்கும், பில் பாஸாகும்வரை தாக்குப்பிடிக்கப் பணமும் இருக்கும். அமைப்பு எடுத்தால் கூலி ஊருக்குள் நிற்கும். சரி, இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

பராமரிப்பைத்தான் நான் பெரிதாகப் பார்க்கிறேன். கொந்தராத்துக்காரரின் பொறுப்பு உத்தரவாதக் காலத்தோடு முடிந்துவிடும். மண்கட்டுக்கோ வருசா வருசம் வேலை உண்டு. கட்டில் முளைக்கும் மரத்தைக் கன்றிலேயே பிடுங்க வேண்டும். வளர்ந்து பட்டுப்போனால் வேர் உக்கி, அந்த வழியே தண்ணீர் ஊறத் தொடங்கும். எலி வளையும் கறையான் புற்றும் அப்படித்தான். மாடு ஏறி இறங்கும் தடத்தில் மண் அரித்துக் கட்டு பதியும். எங்களுக்குப் பெருமழை வடகீழ்ப் பருவத்தில்தான் என்பதால், ஐப்பசிக்கு முன்பே இதையெல்லாம் பார்த்து முடிக்க வேண்டும். 2006 போர்க்கால இடப்பெயர்வுக்குப் பிறகு ஆளில்லாமல் கிடந்த கட்டுகள் எப்படிக் காடேறின என்று திரும்பி வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஊராரே செய்த கட்டில் பழைய கசிவு எங்கே இருந்தது என்பது புல் பதித்த பெண்களுக்கே தெரியும். சிரமதானத்துக்கு ஆள் சேர்க்க, குளத்துத் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானை வீடு வீடாகக் கெஞ்ச வேண்டியதில்லை. பெரும்போகக் கூட்டத்தில் அவரவர் வயல் ஏக்கர் கணக்குக்குப் பராமரிக்கக் கட்டுத் துண்டு பிரிக்கும்போது, "அது கொந்தராத்துக்காரன் பார்க்க வேண்டியது" என்று யாரும் ஒதுங்குவதுமில்லை.

சிக்கல் காசில்தான். அளந்து பார்த்த பிறகே பில் வரும், அதுவரை கூலியும் டீசலும் கைக்காசு. அப்புறம் தலைவரின் சொந்தக்காரருக்கே வேலை போகிறது என்ற பேச்சும் எழும். கணக்கைக் கூட்டத்தில் வாசித்து, பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டினோம். பேச்சு அடங்கியது.

மண்ணை இறுக்குவதில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்த மாவட்டம் இது. சின்னக் குளம்தானே என்று கையால் அடித்து விட்டுவிடாதீர்கள். நாங்கள் ரோலரை வாடகைக்கு எடுத்து, தொழில்நுட்ப உத்தியோகத்தர் பக்கத்தில் நிற்க, படை படையாக இறுக்கினோம்.

வான் (மிகை நீர் வழியும் இடம்), துருசு (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) போன்ற கொங்கிறீட்டு வேலையை எங்கள் அமைப்பு எடுத்ததில்லை. அதில் என் பேச்சை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அப்படி வேலை வந்தால் கொங்கிறீட்டைக் கொந்தராத்துக்காரருக்கும் மண்வேலையை அமைப்புக்கும் பிரித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம். மதிப்பீடு போடும்போதே கேளுங்கள், ஒப்பந்தம் எழுதிய பிறகு பிரிப்பது கடினம்.