எலினோரின் மகள்களா, புரோவான்சின் நான்கு சகோதரிகளா?

இடைக்கால ஐரோப்பிய அரச குடும்பங்கள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த கதையை ஒரே தாளில் வரைய வேண்டுமென்றால் இரண்டு குடும்பங்கள் முன்னுக்கு வரும். ஒன்று, தென்மேற்குப் பிரான்சின் அக்விட்டேன் எலினோரின் வழி. மற்றொன்று, இன்றைய தென்கிழக்குப் பிரான்சிலுள்ள புரோவான்சின் பிரபு நான்காம் ராமோன் பெரங்கேரின் நான்கு மகள்கள். எங்கள் வாசகர் வட்டத்துக்காக நான் வரைந்தது இரண்டாவதை.

எலினோரின் புகழை விளக்கத் தேவையில்லை. 1152 மார்ச்சில் பிரான்ஸ் மன்னர் ஏழாம் லூயியுடனான திருமணம் ரத்தாகி, மே மாதமே பின்னாளில் இங்கிலாந்தை ஆண்ட ஹென்றியை மணந்தவர். அவருடைய பெண்கள் சாக்சனி, காஸ்டீல், சிசிலி என்று திக்குக்கு ஒருவராக வாழ்க்கைப்பட்டார்கள். லூயிக்குப் பிறந்த இருவரும் ஷாம்பேன் குடும்பத்து அண்ணன் தம்பிக்குப் போக, அந்தச் சகோதரர்களின் தங்கையை லூயியே மூன்றாம் தாரமாக்கிக்கொண்டார், மாமனாரே மைத்துனர்! சுவையான குடும்பம்தான். ஆனால் பெண்கள் பிரிந்து போனபின் ஒருவரோடு ஒருவர் மோத வாய்ப்பே இல்லை.

புரோவான்ஸ் சகோதரிகள் அப்படியில்லை. மூத்தவள் மார்கரெட் 1234-இல் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியையும், அடுத்தவள் எலினோர் (அக்விட்டேன் எலினோர் அல்ல) 1236-இல் இங்கிலாந்தின் மூன்றாம் ஹென்றியையும் மணந்தார்கள். சான்சா ஹென்றியின் தம்பி ரிச்சர்டுக்கு, கடைக்குட்டி பியாட்ரிஸ் லூயியின் தம்பி சார்லசுக்கு. அக்கா தங்கைகளே ஓரகத்திகள்.

என் முடிவைத் தீர்மானித்தது சொத்து. 1245-இல் இறந்த தந்தை புரோவான்சை முழுவதுமாகக் கடைசி மகளுக்கு எழுதிவைத்துவிட்டார். மார்கரெட்டுக்குப் பேசிய பத்தாயிரம் மார்க் சீதனமோ முழுதாக வந்து சேரவில்லை. அவர் அதை மறக்கவே இல்லை. சார்லசோடு ஒருபோதும் கூட்டுச் சேர மாட்டேன் என்று தன் மகன் பிலிப்பிடம் சத்தியம் வாங்கினார்; 1263-இல் போப்பாண்டவர் தலையிட்டு அதை நீக்க வேண்டியிருந்தது. பியாட்ரிஸ் 1267-இல் இறந்த பின்னும் வழக்கு ஓயவில்லை. 1281-இல் மார்கரெட் மாக்கோன் நகரில் சார்லசுக்கு எதிராகப் பிரபுக்களைத் திரட்டினார். ஒரு சீதன பாக்கி இத்தனை அரசியலை இழுத்துவருவதை அக்விட்டேன் எலினோரின் குடும்ப மரத்தில் காட்ட முடியாது.

இதே உறவு சமாதானத்துக்கும் உதவியது. 1254 கிறிஸ்துமஸ் சமயத்தில் நான்கு பேரும் தாயோடு பாரிசில் கூடினார்கள். 1259-இல் லூயியும் ஹென்றியும் பாரிஸ் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சகோதரிப் பாசமே காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சிசிலி அரியணையை மகனுக்கு வாங்கப்போய்க் கடனில் சிக்கியிருந்த ஹென்றிக்குச் சமாதானம் தேவைப்பட்டது.

அக்விட்டேன் எலினோரை முற்றிலும் விட்டுவிடவும் முடியாது. மூன்றாம் ஹென்றி அவருடைய பேரன். ஒன்பதாம் லூயியின் தாய் பிளான்ஷ் அவருடைய பேத்தி. 1200-இல், எண்பதை நெருங்கும் வயதில், பிரனீஸ் மலையைத் தாண்டிப்போய் அந்தப் பெண்ணைப் பிரான்சுக்கு அழைத்துவந்தவர் அவர்தான். அதனால் சகலைகள் இருவருக்கும் மேலே அவர் பெயரை எழுதி, இரண்டு கோடுகள் மட்டும் இழுத்திருக்கிறேன்.