பழைய ஜீப்புக்கு எந்தப் பூட்டு? பெடல் லாக், கட்-ஆஃப், டிராக்கர்: ஓர் ஒப்பீட்டு அலசல்

பழைய ஃபோர் வீல் வண்டிகளைச் செய்தவர்கள் மேடு பள்ளத்தை யோசித்தார்கள், சேற்றை யோசித்தார்கள், திருடனை யோசிக்கவில்லை. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்புகளில் பலவற்றுக்குச் சாவியே கிடையாது. ஒரு சுவிட்சைத் திருப்பினால் இக்னிஷன் வந்துவிடும். 1948-ல் வந்த லேண்ட் ரோவர், 1960-ல் வந்த டொயோட்டா எஃப்ஜே40 எல்லாம் அந்த மரபில் பிறந்தவைதான். சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஓடவிடாத எலெக்ட்ரானிக் இம்மொபிலைசர், ஐரோப்பாவில் புதுக் கார்களுக்குக் கட்டாயமானதே 1998-ல். அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர், பாதுகாப்பைத் தாமேதான் சேர்க்க வேண்டும்.

சேர்க்கும்போது பலரும் செய்வது, கடையில் கண்ணில் படும் முதல் ஸ்டீயரிங் லாக்கை வாங்குவது. நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன். பானெட்டைத் திறந்து, இந்த இன்ஜின் ஓட எது தேவை என்று முதலில் பாருங்கள். பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பதில் வேறு. அதைப் பொறுத்து எந்தப் பூட்டு பயன்படும், எது பயன்படாது என்பதும் மாறும்.

மின்சாரத்தையோ எரிபொருளையோ துண்டித்து இன்ஜினை ஓடவிடாமல் செய்யும் கட்-ஆஃப் சுவிட்சை எடுத்துக்கொள்வோம். செலவு குறைவு, வெளியே தெரியாது என்பதால் எல்லாரும் விரும்புவது இது. இதில் மூன்று வகை.

முதலாவது, பேட்டரி மெயின் கட்-ஆஃப். சிவப்புச் சாவி போட்டுத் திருப்புவோமே, அது. வயரிங் தீப்பிடிக்காமல் இருக்கவும், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்காமல் இருக்கவும் அருமையான பொருள். திருட்டுக்கு எதிராக அதன் மதிப்பு குறைவு. அந்தச் சிவப்புச் சாவி பெரும்பாலும் ஒரே அச்சில் வருவது. யாரிடம் இருக்கும் சாவியும் யார் வண்டிக்கும் பொருந்தும். அத்தோடு, எலெக்ட்ரிக் சோலினாய்டு (மின்சாரத்தால் டீசலைத் திறந்து மூடும் வால்வு) இல்லாத பழைய டீசல் இன்ஜினை, இழுக்கும் கேபிளால் நிறுத்துகிறோமே அந்த வகையை, பேட்டரியே இல்லாமல் சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஓட ஆரம்பித்த பிறகு அதற்கு மின்சாரம் தேவையே இல்லை.

இரண்டாவது, பெட்ரோல் வண்டிக்கான இக்னிஷன் கட்-ஆஃப். இதிலும் இரண்டு வழி உண்டு, வித்தியாசம் பெரியது. தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் காயிலுக்கு வரும் பாசிட்டிவ் வயரைத் துண்டிப்பது ஒன்று. திருடன் பேட்டரியிலிருந்து நேரே ஒரு வயரைக் காயிலுக்கு இழுத்தால் அது வீண். காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் இருக்கும் பக்கத்தை, அதாவது காயிலின் நெகட்டிவ் முனையை, மறைவான சுவிட்ச் வழியாக எர்த் செய்வது இன்னொன்று. இதில் நேர் வயர் இழுத்தாலும் பாயிண்ட் திறந்து மூடுவதற்குப் பலன் இல்லாததால் தீப்பொறி வராது. செலவு ஏறக்குறைய அதேதான். இரண்டாவது வழியையே நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்த வயர் காயிலிலிருந்து தனியாகத் தொங்கினால் பார்த்த உடனே பிடுங்கிவிடுவார்கள். பழைய வயர்க் கட்டோடு சேர்த்து, அதே நிறத்தில் ஓட்ட வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போகும் பழைய வழக்கமும் மோசமில்லை. ஒரே மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் ஏராளமான வண்டிகளில் இருப்பதால், விவரம் தெரிந்தவர் இன்னொரு ரோட்டரைக் கொண்டுவரலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, டீசலுக்கான எரிபொருள் கட்-ஆஃப். பின்னால் வந்த டீசல்களில் பம்பின் மேல் ஒரு சோலினாய்டு இருக்கும்; அதற்கு மின்சாரம் போனால்தான் டீசல் போகும். சாவிக்குப் பின்னால் எத்தனை சுவிட்ச் வைத்தாலும், பம்புக்கு வரும் அந்த ஒற்றை வயரை எட்ட முடிந்தால் எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். ஆகவே சோலினாய்டின் மேல் இரும்புக் கவசம் போடாமல் சுவிட்ச் மட்டும் வைப்பது பாதி வேலை. சோலினாய்டே இல்லாத பழைய டீசலுக்கு, டீசல் லைனில் மறைவாக ஒரு கை வால்வு போடலாம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஃபில்டரில் இருப்பதை வைத்துக் கொஞ்ச தூரம் ஓடும், பிறகு நிற்கும். வண்டி தெருவிலேயே நின்றுவிடும் என்பது லாபம். அதைத் திரும்ப எடுக்க லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டியிருக்கலாம் என்பது தொல்லை.

கட்-ஆஃபின் பொதுக் குறை, அது கண்ணுக்குத் தெரியாதது. கதவை உடைத்து, டேஷ்போர்டைப் பிரித்து, வயரை எல்லாம் கிழித்த பிறகுதான் திருடனுக்கு வண்டி கிளம்பாது என்று புரியும். வண்டி மிஞ்சும், சேதமும் மிஞ்சும். பார்த்ததும் வேண்டாம் என்று விலகச் செய்ய, கண்ணில் படும் பூட்டு ஒன்றும் வேண்டும்.

அங்கேதான் ஸ்டீயரிங் லாக்கும் பெடல் லாக்கும் கியர் லாக்கும் போட்டியிடுகின்றன. ஸ்டீயரிங்கில் குறுக்கே மாட்டும் கம்பிப் பூட்டுக்கு என் ஓட்டு கிடையாது. ஸ்டீயரிங் விளிம்புக்குள் இருப்பது மெல்லிய கம்பி. ஹேக்சா பிளேடால் விளிம்பை ஓரிடத்தில் அறுத்து விலக்கினால் பூட்டு முழுசாகக் கையோடு வந்துவிடும். பூட்டைத் தொடவே வேண்டாம். வீலை முழுக்க மூடும் தட்டு வகை இதைவிடத் தேவலை. ஆனாலும் பழைய வண்டிகளில் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே ஒரு நட். ஸ்பேனரோடு வருபவர் மொத்த வீலையும் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம்.

கியர் லாக் உறுதியானது. ஆனால் ஃபோர் வீல் வண்டியில் ஒரு ஓட்டை உண்டு. மெயின் கியரை ரிவர்ஸில் பூட்டினாலும், இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸின் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளினால் வண்டி உருளும். ஓட்டிப் போக முடியாது, கட்டி இழுத்துப் போகலாம். பழைய லேண்ட் ரோவரில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், பின் சக்கரங்களைச் சுழற்றும் ஷாஃப்டின் மேல் இருக்கிறது. பின் ஷாஃப்டை அவிழ்த்தால் அந்தத் தடையும் போச்சு. இரண்டு லீவரையும் சேர்த்துப் பூட்டும் வகை கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

இந்த மூன்றில் பெடல் லாக்தான் முதலிடம். கிளட்ச், பிரேக் இரண்டையும் மூடும் இரும்புப் பெட்டி வகையைச் சொல்கிறேன். இதையும் பேட்டரி கிரைண்டரால் அறுக்கலாம், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அறுக்க வேண்டியவர் சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே குனிந்து, தலையை உள்ளே நுழைத்து, முகத்தில் தீப்பொறி தெறிக்க வேலை செய்ய வேண்டும். கிளட்ச்சை மட்டும் பூட்டும் வகை போதாது. பழைய வண்டியைக் கியரில் போட்டு ஸ்டார்ட்டர் பலத்தாலேயே நகர்த்தி ஸ்டார்ட் செய்துவிட முடியும். வாங்கும் முன் கவனிக்க வேண்டியது தரை. துருப்பிடித்த தகட்டில் போல்ட் போட்டால் பூட்டு இருக்கும், தரை பிய்ந்து வரும். அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள். தரையைத் துளைத்துக்கொண்டு பெடல் மேலே வரும் பழைய ஜீப்புகளுக்கு, தொங்கும் பெடலுக்குச் செய்த பெட்டி பொருந்தாது.

அலாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கான்வாஸ் கூரை காற்றில் ஆடும்போதெல்லாம் உள்ளே இருக்கும் சென்சார் கத்தும். நாலு முறை கத்தினால் நாமே அணைத்துவிடுவோம். சாய்வை உணரும் சென்சார் மட்டும் உருப்படி. வண்டியைத் தூக்கி ஏற்றும்போது அது வேலை செய்யும். இப்போது விளம்பரமாகும், ரகசிய எண் (PIN) கேட்கும் இம்மொபிலைசர்களில் பல, வண்டியின் கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் பஸ் வயரிங்கை நம்பியவை. பழைய வண்டியில் அந்த வயரிங்கே இல்லை.

சரி, டிராக்கர்? அது திருட்டைத் தடுக்காது, திருடிய பிறகு தேட உதவும். தடுக்கும் பூட்டுக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போடாதீர்கள்; பூட்டுக்குப் பிறகு மிச்சம் இருந்தால் போடுங்கள். ஜிபிஎஸ் வகைக்கு வானம் தெரிய வேண்டும், தகவல் அனுப்ப மொபைல் நெட்வொர்க்கும் வேண்டும். இரும்பு கன்டெய்னருக்குள் போனால் இரண்டும் போய்விடும். சிக்னலைக் குழப்பும் ஜாமர் வைத்தாலும் அப்படித்தான். விஎச்எஃப் ரேடியோ வகையை மூடிய இடத்திலும் அருகே வந்து தேடிப் பிடிக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் தேடும் குழு உள்ள சேவை வேண்டும். சாவிக்கொத்தில் மாட்டும் ப்ளூடூத் டேக்கை ஒளித்துவைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: யாரையும் ரகசியமாகப் பின்தொடரக் கூடாது என்பதற்காக, அது தன்னோடு பயணிக்கும் அந்நியரின் போனுக்கே எச்சரிக்கை அனுப்பும். பல நாடுகளில் 2ஜி, 3ஜி நெட்வொர்க்குகளை மூடிவருகிறார்கள். முன்பு பொருத்திய டிராக்கர் இன்னும் பேசுகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

நீண்ட நாள் நிறுத்திவைக்கும் வண்டிக்கு இவை எல்லாவற்றையும்விடச் சங்கிலி நல்லது. 16 மில்லிமீட்டருக்குக் குறையாத கடினப்படுத்திய சங்கிலியைக் கையால் இயக்கும் போல்ட் கட்டரால் வெட்டுவது மிகக் கடினம். அதைக் கான்கிரீட்டில் பதித்த வளையத்தோடு சேர்த்து ஆக்சிலிலோ சேசிஸிலோ சுற்றுங்கள். சக்கரத்தில் சுற்றினால், சக்கரத்தைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோவார்கள். சங்கிலி தரையில் கிடக்காமல் இறுக்கமாக இருக்க வேண்டும். தரையில் கிடந்தால் அதன் மேல் பலமாக அடித்து உடைக்க வசதி.

லேண்ட் ரோவர் டிஃபெண்டர் உரிமையாளர்களுக்கு மட்டும் இன்னொன்று. 2016 ஜனவரியில் அந்தப் பழைய வடிவத்தின் உற்பத்தி நின்றதிலிருந்து பாகங்களுக்கு மவுசு கூடிவிட்டது. அதன் கதவுக் கீல் போல்ட்டுகள் வெளியே இருக்கின்றன. பானெட்டும் சுலபமாகக் கழன்றுவிடும். பெடல் லாக் போட்ட வண்டியிலிருந்து கதவுகள் மட்டும் காணாமல் போகலாம். கீல்களுக்குத் தனிச் சாவி கேட்கும் போல்ட்டும் பானெட்டுக்குப் பூட்டும் போடுங்கள். கண்ணாடி, கதவின் உள்பக்கம், சீட்டின் அடிச்சட்டம் எல்லாவற்றிலும் சேசிஸ் எண்ணைப் பொறித்து, ஒவ்வொன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். சேசிஸ் எண் அடித்திருக்கும் இடத்தில் பெயின்ட் அப்பியிருந்தால், சுரண்டாமல், எண் சிதையாதபடி அதை மெதுவாக நீக்கி, எண் தெளிவாகத் தெரியும்படி செய்துவிட்டுப் படம் எடுங்கள்.