பைக் கருவிப் பை: தங்கியவையும் கழிந்தவையும்

கருவி வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் எத்தனை உருப்படி இருக்கிறது என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். என்னிடமும் நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் கொண்ட சாக்கெட் செட் (நட்டு, போல்ட் தலைமேல் கவிழ்த்துத் திருப்பும் குழாய்த் துண்டுகள்) ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் இன்னும் புதுக்கருக்கு அழியாமல் மின்னுகிறது. பளபளப்பு போய்ப் பழுப்பேறிக் கிடப்பவை 8, 10, 12, 14 மி.மீ. சாக்கெட்டுகள் மட்டுமே. இதில் வியப்பு ஒன்றும் இல்லை. பைக்கில் அதிகம் புழங்கும் எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட்டின் தலை பெரும்பாலும் 10 மி.மீ., சில இடங்களில் 8. எம்8 என்றால் ஜப்பானிய வண்டிகளில் பெரும்பாலும் 12, ஐரோப்பிய வண்டிகளில் 13. என் வண்டி ஜப்பானியத் தயாரிப்பு என்பதால் அந்த 13 மி.மீ. சாக்கெட் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அங்குல அளவு சாக்கெட்டுகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

என்னுடையது ஒற்றை சிலிண்டர், ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன், செயின், கம்பிச் சக்கரம், டியூப் டயர். சென்டர் ஸ்டாண்ட் கிடையாது. வாங்க வேண்டிய பட்டியலில் பெரும்பகுதியை இந்த ஒரு வரியே தீர்மானித்துவிடுகிறது. அலாய் சக்கரமும் டியூப்லெஸ் டயரும் வைத்திருப்பவருக்கு என் சுமையில் பாதி தேவையில்லை.

நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. வீட்டில் ஆயில் மாற்றினாலும் செயின் இறுக்கினாலும், பயணத்துக்கு எடுத்துப்போகும் பையைத்தான் முதலில் பிரிப்பேன். பையில் இல்லாத ஒன்றைத் தேடிப் பெட்டியைத் திறக்க நேர்ந்தால் குறித்துவைப்பேன். அடிக்கடி குறிக்கப்படுவது பைக்குள் வந்துவிடும். நீண்ட நாள் யாரும் சீண்டாத கருவி வெளியேறும். பஞ்சர், மின்சாரம் தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு.

விலையைப் பார்க்காமல் வாங்கலாம் என்று நான் சொல்லும் முதல் கருவி திருப்புளி. ஜப்பானிய வண்டிகளின் கூட்டல் குறித் திருகுகளைப் பலர் ஃபிலிப்ஸ் வகை என்றே நினைக்கிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவை ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தரத்தைச் சேர்ந்தவை. பலவற்றின் தலையில் சிறு புள்ளி ஒன்று குத்தப்பட்டிருக்கும். ஃபிலிப்ஸ் திருப்புளியின் நுனி அந்தப் பள்ளத்தின் அடிவரை போய் உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலேறி வழுக்கித் திருகின் தலையை மென்றுவிடும். ஜேஐஎஸ் திருப்புளியோ ஃபிலிப்ஸ் திருகிலும் ஓரளவு பொருந்தும். வெசல் நிறுவனத்தின் திருப்புளி ஒன்றை வைத்திருக்கிறேன். கைப்பிடி எண்ணெயில் ஊறி நிறம் மாறிவிட்டது, நுனி அப்படியே இருக்கிறது. பிரேக் ஆயில் கிண்ணத்தின் மூடித் திருகுகளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சாக்கெட்டில் ஆறு முனை கொண்டதையே வாங்குங்கள். பன்னிரண்டு முனை நட்டின் மூலைகளை மட்டும் பிடிக்கும். துருப்பிடித்த நட்டில் மூலை மழுங்கிவிடும். சாக்கெட்டை மாட்டி முன்பின் அசைத்துத் திருப்பும் கைப்பிடிதான் ராட்செட்; கால் அங்குல ராட்செட் ஒன்றே பைக்கின் முக்கால்வாசி வேலைக்குப் போதும். அதன் பல் எண்ணிக்கையையும் கவனியுங்கள்: 72 பல் என்றால் 5 டிகிரி அசைத்தாலே அடுத்த பல்லில் பிடித்துக்கொள்ளும். டேங்குக்கும் பிரேமுக்கும் நடுவே கையை நுழைத்து வேலை பார்க்கும்போது அந்த 5 டிகிரிதான் கிடைக்கிறது.

வண்டியோடு வரும் கருவிகளை முழுதாகத் தூக்கி எறியச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். திருப்புளியும் தகட்டு ஸ்பேனர்களும் உதவாது. ஆனால் ஸ்பார்க் பிளக் குழாய் மெல்லிய சுவர் கொண்டது, அந்தக் குறுகிய குழிக்கென்றே அளவெடுத்தது. வெளியே வாங்கிய தடித்த சாக்கெட் பல வண்டிகளில் உள்ளேயே போகாது. பின் ஷாக்கை இறுக்கும் கொக்கி ஸ்பேனரும் அப்படித்தான்.

குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரென்ச் பயணப் பையில் இல்லை, வீட்டில் இரண்டு இருக்கின்றன. எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில்தான் இறுக்கம் வேண்டும். பின் ஆக்ஸிலுக்கு அதைப்போல் பல மடங்கு. இரண்டையும் ஒரே ரென்ச்சால் செய்ய முடியும் என்று விற்பவரை நம்ப வேண்டாம், அளவுகோலின் அடிப்பகுதியில் எந்த ரென்ச்சும் துல்லியமாக இருக்காது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேண்டும். நட்டுக் கழற்ற அதை எடுக்கக் கூடாது. சரியாக இறுக்கிய நட்டுகளின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன்; வழியில் ஏதாவது தளர்ந்தால் கோடு விலகிக் கண்ணில் படும்.

இனி பஞ்சர். டியூப் டயர் வண்டிக்காரருக்குப் பயணக் கருவி என்பதே பெரும்பாலும் இதுதான். சென்டர் ஸ்டாண்ட் இல்லாத வண்டியில் சக்கரத்தை எப்படித் தூக்குவது என்பது முதல் கேள்வி. மடக்கும் அலுமினியக் குச்சி ஒன்று இருக்கிறது; பக்கவாட்டு ஸ்டாண்டில் வண்டியைச் சாய்த்து, எதிர்ப்பக்கம் ஸ்விங் ஆர்முக்கு (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) கீழே அதை முட்டுக்கொடுத்தால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். முன் பிரேக்கை ஒரு பட்டையால் கட்டிவிட வேண்டும், இல்லையெனில் வண்டி உருண்டு குச்சி நழுவும். இந்தக் குச்சி இத்தனை ஆண்டுகளில் கோணவில்லை.

டயர் லிவர் மூன்று. அதில் ஒன்றின் மறுமுனை ஆக்ஸில் நட்டுக்கான ரிங்காக இருக்கிறது. ஒரு கனமான ஸ்பேனரைச் சுமப்பது மிச்சம். அலுமினியம் என்பதால் நுனி கீறிக் கிடக்கிறது, ஆனால் வளையவில்லை. நீளமான இரும்பு லிவர்களைச் சுமப்பவர்கள் வலிமையை நம்புகிறார்கள், அது தேவையில்லாத நம்பிக்கை. லிவர் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் முழங்காலால் அழுத்திவைத்தால் குட்டை லிவரே போதும். அழுத்தாமல் இழுத்தால் எந்த லிவரும் டியூபைக் கிள்ளிவிடும். இடத்தை மிச்சப்படுத்த முன் சக்கரத்து 21 அங்குல டியூபை மட்டும் எடுத்துப்போகிறேன். அவசரத்துக்கு அது பின் சக்கரத்திலும் மடங்கி அடங்கும், வீடு திரும்பியதும் மாற்றிவிட வேண்டும்.

காற்றுக்கு முதலில் 16 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பிகளை வைத்திருந்தேன். கைக்கு அடக்கம்தான். பின் டயருக்கு ஒரு குப்பி போதாது, குப்பி பனியாய்க் குளிர்ந்து விரலைச் சுடும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இப்போது 12 வோல்ட் சிறு கம்ப்ரஸர். அதை பேட்டரியில் நேரடியாக, தனி ஃப்யூஸ் வைத்த ஒயரில் இணைத்திருக்கிறேன்; பல வண்டிகளின் சார்ஜிங் சாக்கெட் இவ்வளவு மின்சாரத்தைத் தாங்காமல் ஃப்யூஸ் போய்விடும். கம்ப்ரஸரின் முகத்தில் இருக்கும் அளவியை நான் நம்புவதில்லை. தனியாக ஒரு குச்சி அளவி.

ஒட்டுப் பசையைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. ஒருமுறை திறந்த பசைக் குழாய் அடுத்த பஞ்சருக்குள் காய்ந்து கல்லாகியிருக்கும். ஆகவே திறக்காத சிறு குழாய்கள் இரண்டு எப்போதும் பையில். உடைந்ததை ஒட்டும் எபாக்ஸி பசையும் காலாவதியாகும், வாங்கிய மாதத்தை அதன் மேலேயே எழுதிவைக்கிறேன்.

மின்சாரத்துக்குக் கையடக்க மல்டிமீட்டர் ஒன்று. எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை வந்தால் சார்ஜிங் சரி. இந்த இரண்டு அளவுகளும் பாதிச் சந்தேகங்களைத் தீர்த்துவிடும். கூடவே அதே ஆம்பியர் ஃப்யூஸ்கள், கொஞ்சம் ஒயர், டேப். செயின் அறுந்தால் முனைகளைச் சேர்க்க ஒரு கிளிப் இணைப்பு. கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிளைப் பையில் வைப்பதில்லை, பழைய கேபிளோடு சேர்த்து வண்டியிலேயே ஓட்டிக் கட்டிவைத்திருக்கிறேன்.

பையிலிருந்து மல்டி டூல் போனது. திருகி அளவு மாற்றும் ஸ்பேனரும் போனது. பூட்டும் வகைப் பிளையர் தங்கிவிட்டது; கியர் லிவர் உடைந்தால் அதன் தண்டைக் கவ்விக்கொண்டு வீடுவரை வந்துவிடலாம்.

பை துணிச்சுருளாக இருக்கட்டும், பெட்டி வேண்டாம். அதிர்வில் இரும்போடு இரும்பு உரசிச் சாம்பல் நிறப் பொடி உதிர்கிறது. கருவிகளோடு ஒன்றாகக் கிடந்தால் மாற்று டியூபிலும் துளை விழும். அதைத் தனித் துணியில் சுற்ற வேண்டும்.

இப்போது சோதனையில் இருப்பது, இறங்கிய பேட்டரிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எஞ்சினைக் கிளப்பும் லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டர். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் எரிபொருள் பம்ப்பே ஓடாது, தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழியும் அடைபடும், அதனால் வாங்கினேன். எஞ்சினை எழுப்புகிறது, அதில் குறையில்லை. ஆனால் சீட்டுக்கு அடியில் ஏறும் சூட்டில் லித்தியத்தை வைக்க மனம் வரவில்லை. இப்போதைக்குப் பக்கப் பையில் வைத்திருக்கிறேன். இரண்டு கோடைக்காலம் கடந்தபின் தான் அதைப் பரிந்துரைப்பதா வேண்டாமா என்று சொல்வேன்.