கச்சான் காற்றும் 900 வோட் புகையும்: ஒரு புகை மெஷினுடன் சில ஆண்டுகள்

2021 கடைசியில், படப்பிடிப்புகளுக்காக, இசைக்குழு ஒன்று கைவிட்ட பாவித்த புகை மெஷின் ஒன்றை வாங்கினேன். திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் வைத்து முதல் தடவை அழுத்தியபோது, அடுத்த வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “தம்பி, டெங்குப் புகையா அடிக்கிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள், கறிச்சட்டிகளை மூடிவிட்டு வருகிறேன்” என்று உள்ளே ஓடினார். 2017-இல் கிண்ணியாவில் டெங்கு பரவிய நாட்களைக் கண்ட மாவட்டம் இது. வெள்ளைப் புகையைக் கண்டால் இங்கே யாருக்கும் கனவுக்காட்சி நினைவுக்கு வராது.

மெஷின் 900 வோட். சூடாக நாலைந்து நிமிடம் எடுக்கும். அரை நிமிடம் ஊதிவிட்டு மறுபடி சூடேறும்வரை மூச்சு வாங்கும். உள்ளே எதுவும் எரிவதில்லை. கிளைகோலும் தண்ணீரும் கலந்த திரவத்தைச் சிறிய பம்ப் ஒன்று சூடான உலோகக் கட்டிக்குள் தள்ளுகிறது. அங்கே ஆவியாகி வெளியே பாய்வது, குளிர்ந்த காற்றில் பட்டதும் நுண்துளிகளாகிறது. ஆகவே புகை என்று நாம் சொல்வது உண்மையில் மூடுபனிக்கு நெருங்கிய உறவு. ஆனாலும் ஆஸ்துமா உள்ளவர்களை அறையில் வைத்துக்கொண்டு நான் இதை அழுத்துவதில்லை.

விற்றவர் சொல்லாமல் விட்டது காற்றைப் பற்றி. வைகாசி தொடங்கிக் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பகலில் வெளியே இந்த மெஷினைக் கொண்டுபோவது வீண் வேலை. உப்புவெளிக் கடற்கரையில் ஒரு குறும்படத்துக்காக ஒரு லீற்றர் திரவத்தையும் ஊதித் தீர்த்தேன். பயன்படுத்தக்கூடியதாகப் பதிவானது மூன்று விநாடி. இப்போது வெளிப்புறக் காட்சி என்றால் விடியலுக்கு முன்பே போய்விடுகிறேன். தரைக்காற்று தளர்ந்து கடற்காற்று எழும்புவதற்குள் கிடைக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் புகை மரத்தடியில் தங்கி நிற்கும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் ஆவி இலவசமாகக் கிடைக்குமே என்று ஒரு மார்கழி விடியலில் போனதும் உண்டு. அங்கே தண்ணீர் குளிக்கும் சூடு. எங்கள் மார்கழிக் குளிரோ பெயருக்குத்தான். கமெராவில் ஆவியின் சுவடே இல்லை. குளித்துவிட்டு வந்தோம்.

உள்ளரங்கில் கதை வேறு. ஆனால் முதல் ஆறு மாதம் நான் எடுத்ததெல்லாம் சுண்ணாம்புச் சுவர் போலத்தான் இருந்தது. விளக்கைக் கமெராவின் பக்கத்தில் வைத்ததுதான் பிழை. நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது போகிற திசையிலேயே சிதறவிடுகின்றன. எனவே விளக்கு புகைக்குப் பின்னால் நின்று கமெராவை நோக்க வேண்டும். ஒரு பழைய வீட்டில், மரச்சட்ட யன்னலுக்கு வெளியே விளக்கைத் தூக்கி வைத்துவிட்டு உள்ளே இரண்டே தடவை ஊதினேன். யன்னல் கம்பிகளின் நிழல் அறைக்குள் கோடு கோடாக இறங்கி, நடிகரின் தோளில் வந்து உட்கார்ந்தது. ஊதியவுடன் படம் எடுக்கக் கூடாது என்பதையும் அன்றுதான் கற்றேன். மின்விசிறியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மெல்ல ஓடவிட்டு இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் திட்டுத்திட்டாக நிற்பது கரைந்து சீராகும். தானியங்கிக் குவியத்தை நிறுத்திவிடுங்கள்; புகைக்குள் அது வழி தெரியாமல் முன்னும் பின்னும் அலையும். நிறச்சாயல்கள் குறைவான 8-பிட் பதிவில் மெல்லிய புகை பட்டை பட்டையாக உடைவதற்கு இன்றுவரை எனக்கு முழுத் தீர்வு இல்லை. 10-பிட் கமெராவை இரவல் வாங்கும் நாட்களில் அந்தத் தொல்லை குறைகிறது.

தரையோடு தவழும் புகைக்கு உலர்பனியை ஒரு தடவை கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். மறை 78.5 பாகை செல்சியஸ் குளிர். வந்து சேர்வதற்குள் பாதி காற்றாகிவிட்டது. அதிலிருந்து வருவது காற்றைவிடக் கனமான காபனீரொட்சைட்டு. அது மூடிய அறையில் தரையில் தேங்கும் என்பதால், குழந்தை தரையில் இருந்து விளையாடும் காட்சியையே கைவிட்டேன். அதற்குப் பிறகு என் வழி, மீன் பழுதாகாமல் வைக்க விற்கும் ஐஸ். றெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் கம்பி வலை வைத்து, அதன்மேல் உடைத்த ஐஸைக் கொட்டி, ஒரு பக்கம் பீவிசி குழாயால் புகையை உள்ளே விட்டால் மறுபக்கம் குளிர்ந்து கீழே வழிகிறது. அறை சூட்டில் கொஞ்ச நேரத்தில் மேலெழும்பிவிடும். விசிறியை நிறுத்தி, எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். ஏற்கெனவே மீன் பெட்டியில் கிடந்த ஐஸ் வாங்காதீர்கள். மணப்பெண்ணின் அறிமுகக் காட்சியில் மண்டபம் முழுக்கச் சூரை வாசம் அடித்த பெருமை எனக்கு உண்டு.

பழுது என்றால் இரண்டு. 2022-இல் மின்வெட்டு நாட்களில் சிறிய ஜெனரேட்டரில் ஓட்டப் பார்த்தேன். சூடாக்கி இழுத்த இழுப்பில் விளக்குகள் மங்கின, ஜெனரேட்டர் நின்றது. இரண்டாவது முழுக்க என் தவறு. மாரி முழுவதும் தொட்டியில் திரவத்தோடு மூலையில் போட்டுவைத்தேன். தை மாதம் எடுத்தால் துப்பலும் இருமலும்தான். காய்ச்சி வடித்த நீரில் கொஞ்சம் வினாகிரி கலந்து, காற்றோட்டமான முற்றத்தில் வைத்து மூன்று தடவை ஓட்டிய பிறகு தொண்டை திறந்தது. தொட்டி காலியாக இருக்கும்போது அழுத்தினால் பம்ப் போய்விடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். முனைக்கு முன்னால் தரை ஈரமாகி வழுக்கும். மாபிள் தரை என்றால் ஒரு பழைய சாக்கை விரிக்கிறேன்.

விடுதி அறைகளில் இப்போது இதைப் பாவிப்பதே இல்லை. நிலாவெளியில் ஒரு விடுதியில் தீ எச்சரிக்கை மணி அலறி, விருந்தினர் எல்லோரும் துவாயோடு வெளியே வந்து நின்ற காலை ஒன்று போதும். அப்படியான இடங்களுக்கு வீட்டுப் பின்வளவில், இரவில், கறுப்புத் துணிக்கு முன்னால் பக்கவிளக்கில் எடுத்துவைத்த புகைப் பதிவுகளைக் கொண்டுபோகிறேன். தொகுப்பில் ‘ஸ்கிரீன்’ முறையில் மேலே போட்டால் கறுப்பு மறைந்து புகை மட்டும் நிற்கும். ஆள் நடக்கும்போது அது விலகாது, அதுதான் குறை. அசையாத காட்சிக்கு அது போதும். ஆள் நடக்கும் காட்சி என்றால் மெஷினைத்தான் தூக்குகிறேன். ரிமோட் வயர் எப்போதோ அறுந்துவிட்டது. ஊதும் பொத்தானுக்குப் பக்கத்தில் தம்பி குந்தியிருக்கிறான்.