இருட்டில் சைக்கிள்: வலை மேலங்கியா, முழுக்கை ஜாக்கெட்டா?

விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்கிள் மிதிப்பவர் மற்ற வண்டி ஓட்டுநர்களின் கண்ணில் பட இரண்டு வழிகள். சாலைப் பணியாளர்கள் அணியும் வலைத்துணி மேலங்கி 200 ரூபாய் அளவில் கிடைக்கும். அதே மாதிரி ஒளிப்பட்டை வைத்த முழுக்கை ஜாக்கெட் அதைப்போலப் பல மடங்கு விலை.

ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். இவற்றில் கண்ணைப் பறிக்கும் அந்த எலுமிச்சை மஞ்சள் நிறம், பகலின் புற ஊதாக் கதிரால்தான் ஒளிர்கிறது. இரவில் நம்மைக் காட்டிக்கொடுப்பது சாம்பல் நிறப் பட்டை. அதிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள் வண்டி வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்புகின்றன. ஆகவே நிறத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். கடையிலேயே கைபேசியின் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுங்கள். பட்டை பளீரென்று வெள்ளையாக விழ வேண்டும்.

ஜாக்கெட்டின் உண்மையான பலம் அதன் கைகளில் உள்ள பட்டை: திரும்புவதற்குக் கை நீட்டினால் பின்னால் வருபவருக்குத் தெரியும். ஆனால் சென்னைப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும், அப்புறம் அது ஆணியில்தான் தொங்கும். ஊட்டிக் குளிருக்கு ஜாக்கெட் சரி.

சமவெளிக்கு நான் மேலங்கியையே சொல்வேன், கணுக்காலில் இரண்டு ஒளிப்பட்டைகளோடு. மேலும் கீழும் போகும் அந்த வெளிச்சம், வருவது சைக்கிள் என்று ஓட்டுநருக்கு உடனே உணர்த்தும். முதுகுப்பை மாட்டுகிறவர்கள் மேலங்கியைப் பையின் மேலேயே போடுங்கள்.